மூடு எடுக்கப் போகும் பிள்ளைக்கு

அருமனை வீட்டு முற்றத்தில் மூன்று மூடுகள் கிடக்கின்றன, இந்த வருஷமாவது எடுத்துவிட வேண்டும் என்று போனில் சொன்னாய் மக்கா. ஒன்று தென்னை, ஒன்று பிலா, கையாலை ஓரத்தில் நிற்பது அயனி. மரம் வெட்டியவர்கள் தடியைக் கொண்டுபோனார்கள், கொம்பையும் விறகையும் அக்கம்பக்கத்தார் எடுத்துக்கொண்டார்கள். யாருக்கும் வேண்டாத பாகம் உன் பங்குக்கு வந்திருக்கிறது. கோடாலி பிடிக்க யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். அதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. இந்தச் செம்மண்ணில் கிண்டியும் பிறர் கிண்டுவதைப் பார்த்தும் நரைத்த தலை சொல்கிறது என்று எடுத்துக்கொள்.

1. முதல் நாள் மண்ணைத் தொடாதே. சும்மா சுற்றி வா. தண்ணீர்க் குழாய் எந்த வழியாகப் போகிறது, மின்சார எர்த்து கம்பி எங்கே புதைந்திருக்கிறது, கக்கூஸ் தொட்டியின் மூடி எங்கே, கிணறு எத்தனை அடியில் இருக்கிறது என்று பார். இவற்றுக்கெல்லாம் வரைபடம் நம் வீடுகளில் கிடையாது. வீட்டில் வயதானவர்களின் ஞாபகம்தான் வரைபடம். அதனால் பாட்டியிடம் கேள். கேட்டால் குழாய் போகும் இடத்தை மட்டுமா சொல்வாள்? அந்தப் பிலாவை யார் வைத்தார்கள், முதல் சக்கை எந்த வருஷம் காய்த்தது, எந்தப் பசுவை அதில் கட்டினார்கள் என்று ஒரு முழுக் காலைப்பொழுது போகும். போகட்டும். அவள் சொல்லி முடித்த பிறகு எடுக்கும் மூடு, அவளுக்கும் சம்மதமான மூடு. கேட்காமல் எடுத்தால் வீட்டில் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேச மாட்டாள், அதற்கும் நீ தயாராக இருக்க வேண்டும்.

2. என்ன மரம் என்று அறிந்து வேலை செய். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. அடியில் கிழங்கு போல் பருத்த பாகத்திலிருந்து விரல் பருமன் வேர்கள் ஆயிரக்கணக்கில் கிளம்பும். நன்றாக வளர்ந்த மரத்துக்கு நாலாயிரத்துக்கு மேல் இருக்கும். எவ்வளவு வயதானாலும் அவை பருக்காது. பெரும்பாலும் மூட்டைச் சுற்றி ஆறேழு அடிக்குள் முடிந்துவிடும். ஆகவே சுற்றி வெட்டி வந்தால் தென்னை ஒருநாள் அசைந்து கொடுக்கும். பிலாவும் புளியும் அப்படி விடா. நடுவில் ஓர் ஆணிவேர் கீழே இறங்கும், பக்கவேர் தொடை பருமனில் எங்கே போகிறதென்று தெரியாமல் போகும். அங்கே மேலேயிருந்து அடித்துப் பயனில்லை. பக்கவேரை ஒவ்வொன்றாக அறுத்து, ஒரு பக்கம் ஆழமாகத் தோண்டி, கீழே போய் ஆணிவேரைப் பார்க்க வேண்டும். ரப்பர் இவை இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ஆணிவேர் உண்டு, ஆனாலும் காற்றுக்குச் சீக்கிரம் சாயும், கிண்டுகிறவனையும் அதிகம் சோதிக்காது. ஒரு மரத்தில் கற்ற தந்திரத்தை இன்னொரு மரத்தில் காட்டப் போகிறவன்தான் சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவான்.

3. எல்லா மூடும் எடுக்க வேண்டியதல்ல. உன் கையாலை ஓரத்து அயனியை விட்டுவிடு. நம் பக்கத்து நிலம் சமமானதல்ல. மேட்டில் ஒரு தட்டு, பள்ளத்தில் ஒரு தட்டு என்று கையாலை போட்டு நிறுத்திய விளைகள். அந்தக் கல்லையும் மண்ணையும் பாதி பிடித்திருப்பது பழைய வேர்கள். அழகுக்காகக் கையாலை மூட்டைப் பறித்தவர்கள் அடுத்த இடவப்பாதி மழையில் மேல்தட்டு மண் கீழ்தட்டு மரச்சீனியின் மேல் வந்து கிடப்பதைப் பார்த்தார்கள். அயனியைத் தரையோடு அறுத்துவிடு, அது மெல்ல மக்கட்டும், அதற்குள் கையாலையில் வேறொன்று வேர் பிடித்துவிடும். கிணற்றின் சுற்றுச்சுவரையோ வீட்டு அஸ்திவாரத்தையோ ஒட்டி நிற்கும் மூட்டுக்கும் இதுதான் சட்டம். தேக்கு மூடாக இருந்தால் வேறு கதை. அடியிலிருந்து தளிர் விடும். நேராக வரும் ஒன்றை நிறுத்தி மற்றதைக் கழித்தால் வேர் இருக்கிற வேகத்தில் நாற்றை விட வேகமாக ஏறும். தேக்கு மூடு பறிப்பவன் கையில் இருக்கும் மரத்தை எறிந்துவிட்டு கடையில் நாற்று வாங்குகிறான்.

4. தென்னையைத் தள்ளிப்போடாதே. மற்ற மூடுகளுக்கு நான் பொறுமை சொல்வேன், இதற்குச் சொல்ல மாட்டேன். தென்னை மூடு வெளியே கெட்டி, உள்ளே சோறு. ஒரு மழை, இரண்டு மழை கழிந்தால் உள்சோறு காப்பிப்பொடி மாதிரி உதிரும். ஒரு நாள் கடப்பாரையால் கிளறிப் பார். கட்டைவிரல் பருமனில், வளைந்து சுருண்ட வெள்ளைப் புழுக்கள் கிடக்கும். தலை தவிட்டு நிறம், பின்பக்கம் உள்ளிருக்கும் கசடு தெரிந்து கறுத்திருக்கும். அவைதான் காண்டாமிருக வண்டின் பிள்ளைகள். வண்டு முட்டையிட எருக்குழியையும், மக்கிய தென்னந்தடியையும், இப்படி விட்டுப்போன மூட்டையும்தான் தேடும். புழு நாலைந்து மாதம் உள்ளேயே தின்று வளரும். வண்டான பின் ராத்திரியில் பறந்து போய் நிற்கிற தென்னையின் குருத்தைத் துளைக்கும். விரியாத ஓலையை மடிப்போடு துளைப்பதால், அது விரியும்போது கத்தரியால் முக்கோணம் முக்கோணமாக வெட்டிய மாதிரி தெரியும். பாளை போகும், இளங்கன்று என்றால் மரமே போகும்.

இதில் நீ மனதில் வைக்க வேண்டியது ஒன்று. வண்டு உன் மூட்டில் பிறக்கும், குருத்து தின்பது பக்கத்து வீட்டுக்காரன் மரத்தில். அவன் மருந்து வைப்பான், ஆளேற்றிக் கம்பியால் குத்தி எடுப்பான், நாப்தலின் உருண்டையை மணலோடு மட்டை இடுக்கில் போடுவான், போட்டும் தீராது. காரணம் உன் முற்றத்தில் இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் உறவுக்காரன் என்று வாய் திறக்க மாட்டான். நம் மூட்டை நாம் எடுப்பது அவனுக்குச் செய்கிற உபகாரம் இல்லை, கடன்.

உலகத்தின் மறுகோடியிலும் இந்த வண்டின் கதை நடந்திருக்கிறது. 1909-இல் இலங்கையிலிருந்து ரப்பர் நாற்றுகளைத் தொட்டியோடு பசிபிக் கடலில் இருக்கும் சமோவாவுக்குக் கொண்டுபோனார்கள். மண்ணுக்குள் புழு இருந்ததை யாரும் பார்க்கவில்லை. தென்னையை நம்பி வாழ்ந்த அந்தத் தீவுகளில் வண்டு பெருகியது, அங்கிருந்து பக்கத்துத் தீவுகளுக்கும் பரவியது. 1960-களில் மலேயாவில் இந்த வண்டைக் கொல்லும் ஒரு வைரஸை ஹூகர் என்ற ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்து, 1967-இல் சமோவாவில் விட்ட பிறகுதான் மூச்சு விட்டார்கள். ரப்பரும் தென்னையும் சேர்ந்து நிற்கும் அருமனை மண்ணில் இருக்கிற நமக்கு இது தூரத்துக் கதையாகத் தோன்றக் கூடாது.

இப்போதே பெயர்க்க முடியாவிட்டால் கோடாலியால் நாலாகப் பிளந்து போடு. புழுவைக் கோழி பார்த்துக்கொள்ளும், மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். வேளாண்மை அலுவலகத்தில் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சணம் கிடைத்தால் கரைத்து ஊற்று. எருக்குழிக்கும் அதையே ஊற்றலாம்.

5. மரம் ஏன் செத்தது என்று கேட்காமல் குழியை மூடாதே. மின்னல் அடித்துச் சாவதும் நோயில் சாவதும் வேறு. தென்னையின் அடித்தடியில் சிவந்த தவிட்டு நிறத்தில் நீர் கசிந்து காய்ந்திருந்தால், அடியில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருந்தால், அது தஞ்சாவூர் வாடல். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சாவூர்த் தோப்புகளில் கண்டதால் அந்தப் பெயர். மண்ணுக்குள் வேர் வழியாக ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும். அப்படிப்பட்ட மூட்டை மேலே மேலே வெட்டி எடுத்தால் போதாது. கிழங்கும் வேரும் சேர்த்துத் தோண்டி அங்கேயே எரிக்க வேண்டும். பக்கத்து மரங்களுக்கு ஆண்டுக்கு ஐந்து கிலோ வேப்பம் பிண்ணாக்கு போடு. ரப்பரிலும் பழுப்பு வேர் நோய் இப்படித்தான், பழைய மூட்டிலிருந்து புதுக் கன்றின் வேரைத் தொட்டுப் பிடிக்கும். தோட்டத்தைப் புதுப்பிக்கிறவர்கள் மூடுகளைப் பறிக்கச் சொல்வது அழகு பார்க்க இல்லை.

6. காற்றில் சாய்ந்த மரத்தின் மூட்டைக் கண்டு பயப்படு. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்து ஓய்ந்த காலை உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது வெளியூரில் படித்தாய். ரப்பர் விளைகளில் மரம் வரிசை வரிசையாகப் படுத்துக் கிடந்தது. வேர் மண்ணோடு பிய்ந்து சுவர் மாதிரி நிமிர்ந்து நின்றது, அடியில் ஆள் உயரக் குழி. தடியை அறுத்து எடுத்துவிட்டால் பாரம் போய், அந்த வேர்ச்சுவர் சட்டென்று பின்னால் விழுந்து குழியில் உட்காரும். அறுக்கிறவன் மேலே நிற்பான், வேடிக்கை பார்க்கும் பிள்ளை குழிக்குள் நிற்கும். ஒருவரும் குழியில் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகு மட்டும் வாளை ஓட்டச் சொல். வேர்ப்பக்கத்தில் கயிறு கட்டி எதிர்ப்புறம் இழுத்து நிறுத்தினால் இன்னும் நல்லது. புயல் முடிந்த மறுநாள் எல்லோருக்கும் அவசரம். ஒரு நாள் பொறு. கரண்டும் ரோடும் வருகிறபோது வரட்டும்.

7. மரம் நிற்கும்போதே மூட்டை நினைத்துக்கொள். தரையோடு அறுப்பது பார்க்கச் சுத்தம், பிறகு கயிறு கட்ட இடமிருக்காது. பறிக்கப் போகிற மூட்டை நாலடியாவது விட்டு அறு. அந்த நாலடிதான் உனக்குப் பிடி. வேரை அறுத்த பிறகு மேலே கயிறு போட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆட்டினால், பத்துப் பேர் பலத்தை அது தரும். பழைய ஆட்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். இடம் இருந்தால் நிற்கிற மரத்தின் வேரையே அறுத்து, மரத்தின் பாரத்தாலேயே மூட்டோடு சாய்ப்பார்கள். அதைத் தெரிந்தவரை வைத்து மட்டும் செய்.

8. வேரை வெட்டுமுன் வேரைக் கழுவு. நம் செம்மண்ணில் பொடிக்கல் நிறைய. மண்ணோடு வெட்டினால் கோடாலி வாய் போகும், கல்லில் பட்டுத் தெறித்துக் காலில் விழும். மம்மட்டியால் மண்ணை ஒதுக்கி, ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, பழைய விளக்குமாற்றால் தேய்த்து வேரின் தோல் தெரிந்த பிறகு வெட்டு. நல்ல வெட்டோத்தியை இதற்கு எடுக்காதே, ஓலை வெட்டுவதற்கு வேண்டும். வேருக்கென்று ஒரு பழைய கோடாலி இருக்கட்டும். துலா மழை தெளிந்து மண் ஈரம் காத்திருக்கும் கார்த்திகை, மார்கழிதான் காலம். பங்குனியில் கடப்பாரை போட்டால் கைதான் கொப்பளிக்கும். நாங்கள் இளவயதில் பந்தயம் கட்டிக்கொண்டு வெட்டுவோம். ஒவ்வொரு மூட்டிலும் முதலில் களைத்தது வேகமாக வெட்டியவன்தான். கடைசி வேரை அறுத்தவர் எப்போதும் கட்டன் சாயா குடித்துக் குடித்து மெல்ல வேலை செய்த ஒரு பெரியவர். அவர் எங்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்களுக்குக் கூச்சமாக இருந்தது.

9. குறுக்கு வழி சொல்கிறவனுக்குக் காது கொடுக்காதே. உப்பைக் கொட்டு என்பான், துரிசைப் போடு என்பான், பெட்ரோல் ஊற்றிக் கொளுத்து என்பான். உப்பு மூட்டில் நிற்காது, மழையோடு இறங்கி வாழை மூட்டுக்கும் கிணற்றுக்கும் போகும். பெட்ரோல் ஆவியில் தீப்பிடித்து முகம் வெந்தவர்கள் உண்டு. நெருப்புதான் வைக்க வேண்டுமென்றால் குழி தோண்டி, கதம்பையும் சிரட்டையும் போட்டு மெல்ல எரி. ஆனால் எரித்துவிட்டுத் தூங்கப் போகாதே. பிலா, புளி வேருக்குள் நெருப்பு புகுந்தால் மண்ணுக்கடியில் நாள் கணக்கில் கனன்று, தூரத்தில் சருகுக்குள் எழும். வெளியே புகை நின்றதைத் தீ அணைந்ததாக எண்ணாதே.

10. கூலி பேசும்போது நேர்மையாக இரு. மண்ணுக்குள் இருப்பதை யாரும் பார்த்துக் கூலி பேச முடியாது. ஒரு நாள் வேலை என்று ஒப்புக்கொண்டு வந்தவன் சாயங்காலம் இன்னொரு பெரிய வேரைக் கண்டுபிடிப்பான். அப்போது ‘பேசினது பேசினதுதான்’ என்று சொல்லாதே. தெரிந்த பாரத்துக்குத்தான் அவன் பேசினான், தெரியாததற்கு நீ மறுபடி பேசு. கஞ்சியும் சாயாவும் நேரத்துக்குக் கொடு. மூடு எடுக்கும் வேலைக்கு ஆள் கிடைக்காத காலம் இது. பிள்ளைகள் வளைகுடாவுக்கும் கட்டட வேலைக்கும் போய்விட்டார்கள், மிச்சம் இருப்பவர்கள் ஐம்பது கடந்தவர்கள். அந்த முதுகை மதி.

11. ஜேசிபி கூப்பிடுவது தோல்வி இல்லை. ஒரு ஏக்கர் ரப்பர் மூட்டைக் கையால் எடு என்று சொல்ல எனக்கு மனசு வராது. முற்றத்தில் இரண்டு மூட்டுக்கு மட்டும் யோசி. உள்ளே வர ஒரு கையாலையை உடைக்க வேண்டும், மேல்மண் புரண்டு அடிமண் மேலே வரும், சக்கரம் போன இடம் இறுகும். கூப்பிட்டால் நீயே பக்கத்தில் நில். வண்டி மணிக்கணக்கில் ஓடுகிறது, ஓட்டுகிறவனுக்கு உன் குழாயும் உன் பாட்டியும் தெரியாது.

12. எடுத்த மூட்டை விறகென்று நினைப்பதற்கு முன் ஒரு ஆசாரியிடம் காட்டு. பிலா வேரின் மஞ்சள் மரம் சட்டத்துக்கும் சிற்பத்துக்கும் உதவும். சந்தனம் என்றால் வெட்டவே தொடங்காதே. அதன் எண்ணெய் வேரில்தான் அதிகம், அதனால்தான் அறுக்காமல் வேரோடு எடுக்கிறார்கள். உன் சொந்த நிலத்தில் நின்றாலும் வனத்துறையிடம் கேட்ட பிறகுதான்.

13. குழியை அன்றைக்கே மூடு. மூடு வெளியே வந்ததும் எல்லோரும் அதைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டு கையைக் கழுவப் போய்விடுவார்கள். குழி ராத்திரி முழுவதும் வாய் திறந்து கிடக்கும். ஆடு விழும், பிள்ளை விழும், மழை பெய்தால் கொசு முட்டையிடும். அறுந்த வேர்த்துண்டுகளைப் பொறுக்கி வெளியே போடு, விட்டால் சிதல் ஏறி வாசல் கட்டளை வரை வரும். மண்ணை ஒரே தடவையில் கொட்டாமல் ஒரு அடி போட்டு மிதி, மறுபடி போட்டு மிதி. தரைக்கு அரையடி மேலே கூம்பாக விடு, அடுத்த மழையில் அது தானே இறங்கும். இறங்கிய பிறகு கல் பாவு. இப்போதே பாவினால் ஒரு வருஷத்தில் முற்றம் பள்ளமாகும்.

14. அதே இடத்தில் உடனே நடாதே. புதுத் தென்னைக்குப் பழைய குழியிலிருந்து சில அடி தள்ளி இடம் பார். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் குழி எடு. மரத்துக்கு மரம் இருபத்தைந்து அடி விடு. அந்த இடைவெளி உன் எல்லைக்குள் மட்டுமில்லை, பக்கத்து வீட்டு மரத்திலிருந்தும் கணக்கு. நல்ல கன்றுக்குப் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் முன்கூட்டியே விசாரி, ஆனி பிறந்த பிறகு போனால் கிடைப்பது கஷ்டம். பெரிய கடப்பாரை என் வீட்டில் இருக்கிறது. கார்த்திகையில் வா, எடுத்துக்கொண்டு போ. முதலில் தென்னையை எடு.